ரைலியின் மரச்சர்க்கரை

தைஸ்தோவின் கண்ணுக்குள் எடுத்த படத்தை டாக்டர் வெளிச்சப் பலகையில் மாட்டி, அவர் மனைவி ரைலியையும் அருகில் கூப்பிட்டுக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதன் ஓரத்தில் ஊசியால் குத்தினாற்போல நாலைந்து சிவப்புப் புள்ளிகள்.

"உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. பார்வைக்கு இப்ப ஒண்ணும் ஆகல. சக்கரை இப்படியே இருந்தா ஆகும்" என்றார்.

தைஸ்தோ தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி உள்ளே போனார். காபியும், மேலே சீனி தூவிய ஏலக்காய் பன்னும் வாங்கி மேஜையில் வைத்து உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த ரைலி அந்தப் பன்னைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கடைக்காரப் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு பன்னுதானே" என்றார் தைஸ்தோ.

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. ஒரே ஒரு சீனிக்கட்டிதானே, ஒரே ஒரு கட்டிதானேன்னு."

ரைலி சொர்யோனெனோடு ஒரே அடுப்படியில் பல வருடம் நின்றவள் நான். சைமா ஏரிக்கரையில் லெப்பலாஹ்தி மர அறுவை ஆலையின் சாப்பாட்டுக்கூடத்துக்கு அவள்தான் தலைமைச் சமையல்காரி. ரம்பங்கள் ஓடும்போதும் அவள் குரல் முற்றம் தாண்டிக் கேட்கும். வரிசையை முந்துகிறவர் மேனேஜராகவே இருந்தாலும் கரண்டியால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவர் பேசாமல் பின்னால் போய் நின்றுகொள்வார். அவளைப் பயமில்லாதவள் என்று எல்லாரும் நினைத்தார்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவளுடைய பயம் என்ன என்று எனக்குச் சொன்னாள்.

அவள் அப்பா ஏரி வழியாக மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுவரும் வேலை செய்தவர். சீனிக்கட்டியை முன்பல்லில் கடித்துக்கொண்டு, தட்டில் ஊற்றிய காபியை அதன் வழியாக உறிஞ்சிக் குடிப்பார். அந்தத் தலைமுறையே அப்படித்தான் குடித்தது. சர்க்கரை நோய் வந்த பிறகும் அவர் விடவில்லை. முதலில் கால்விரல்கள் போயின, பிறகு பாதம், பிறகு பார்வை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவது ரைலியின் வேலை.

"அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்குடி. இவனுக்கும் கட்டுப்போட என்னால முடியாது" என்றாள். கண்ணில் வந்த தண்ணீர் வெங்காயத்தால்தானா என்று நான் கேட்கவில்லை.

பெட்ரோல் பங்கிலிருந்து வீட்டுக்கு வந்த அதே சாயங்காலம் அவள் அலமாரிகளைக் காலிசெய்தாள். சீனி, பாகு, உலர்ந்த திராட்சை, ஸ்ட்ராபெர்ரி ஜாம் எல்லாம் பெட்டிகளில் ஏறி எங்கள் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் இடத்தில் மரச்சர்க்கரை வந்தது. பிர்ச் மரத்திலிருந்து எடுப்பது அது. பார்க்க வெள்ளைச் சீனி போலவே இருக்கும், இனிப்பும் ஏறக்குறைய அதே அளவு, நாக்கில் பட்டதும் புதினா போலக் கொஞ்சம் சில்லென்றிருக்கும். சீனி ரத்தத்தில் ஏற்றும் சர்க்கரையில் சிறு பங்குதான் இது ஏற்றும். பல்லுக்கு நல்லதென்று எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இதில் செய்த மிட்டாய் கொடுப்பார்கள். அதனால் யாருக்கும் இது புதிதில்லை. ஆனால் இதைக்கொண்டு ஒரு வீடு முழுவதையும் நடத்த முயன்றவளை நான் அவளுக்கு முன்னால் பார்த்ததில்லை.

முதல் முறை பன் மாவு பொங்கவே இல்லை. ஈஸ்டுக்கு மரச்சர்க்கரை பிடிக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வெந்து வந்ததைத் தைஸ்தோ கையில் எடுத்து எடைபார்த்தார்.

"இத காட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். கரடி வந்தா எறியலாம்."

"கரடிக்குப் பல்லு போயிரும். நீ தின்னு."

அடுத்த தடவை மாவில் இனிப்பே போடாமல் பொங்கவிட்டு, சுட்ட பிறகு மேலே மட்டும் தூவினாள். அது தேறியது. ஜாம் செய்தாள். அளவு தெரியாமல் முதல் வாரம் தாராளமாகப் போட்டதில் வயிறு கலக்கி, கணவனும் மனைவியும் கழிப்பறைக்கு முறைவைத்து ஓடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டும் என்று அதற்குப் பிறகே புரிந்தது. வெள்ளை ரொட்டியையும் நிறுத்தினாள். உருளைக்கிழங்கைப் பாதியாக்கினாள். காட்டில் மரம் வெட்டும் இயந்திரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலைசெய்யும் மனிதரைச் சாயங்காலம் ஏரியோரம் நடக்க வைத்தாள்.

அவளுக்கு ஒரே எதிரி பக்கத்து வீட்டுக் கௌக்கோ. மனைவியை இழந்தவர், தைஸ்தோவோடு பள்ளியிலிருந்தே சேர்ந்து மீன்பிடிப்பவர். படகுக் கொட்டகையில் வைத்து நண்பனுக்குக் கடைப் பன் ஊட்டியதை ரைலி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். மாவு ஒட்டிய கையோடு பனியில் இறங்கிப் போனாள்.

"கௌக்கோ, இன்னொரு தடவ இவனுக்கு இனிப்புக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, இந்தக் கொட்டாயக் கொளுத்திட்டுத்தான் மறுவேலை."

"அவன் என்ன கொழந்தையா ரைலி? பாவம், ஏங்கிப்போயிருக்கான்."

"அவன் கண்ணு போச்சுன்னா நீயா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவ?"

அன்றிலிருந்து கௌக்கோ தைஸ்தோவைச் சந்திக்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு மிட்டாய்கூட வைத்துக்கொள்வதில்லை என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

ரத்தச் சர்க்கரைக்கு எங்கள் நாட்டுக் கணக்கு வேறு. ஐந்து, ஆறு என்றால் நலம். பதினைந்து என்றால் பயப்பட வேண்டும். இலையுதிர் காலத்தில் பதினைந்தைத் தொட்டுக்கொண்டிருந்த தைஸ்தோ, கிறிஸ்துமஸ் முடிந்தபோது எட்டுக்கு வந்திருந்தார். ஜனவரியில் காலை நேரங்களில் ஐந்து, ஆறு என்று வந்தது. ரைலி அடுப்படிக்குள் நுழையும்போதே எண்ணைச் சொல்லிக்கொண்டு வருவாள். உருளைக்கிழங்கு உரிக்கிற எங்களுக்கெல்லாம் அன்றைய செய்தி அதுதான். அவள் பாட்டு முணுமுணுத்ததை அந்தக் குளிர்காலத்தில்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தைஸ்தோ காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். சீனியும் பன்னும் தின்ற காலத்துக்காக வைத்த அளவு அது. பிப்ரவரியில் சர்க்கரை நோய் நர்ஸ் சிர்க்காவைப் பார்க்க வேண்டிய நாளில் பனிப்புயல் வந்து சாலை மூடிவிட்டது. மறுபடி நாள் கிடைத்தது ஏப்ரலில். எண்கள் அழகாக இருந்ததால், பரவாயில்லை, ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

மார்ச் மாதத்து ஞாயிறு அது. வெயிலில் கண் கூசியது, குளிரும் கடுமையாகத்தான் இருந்தது. ஏரியின் மேல் பனிக்கட்டி இன்னும் முழங்கால் ஆழத்துக்குக் கெட்டி. மூவரும் ஏரிக்குள் நெடுந்தூரம் போய், ஆளில்லாத தீவு ஒன்றின் மறுபக்கத்தில் தூண்டில் போட்டார்கள். கௌக்கோ பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்தார். ரைலி சறுக்கு நாற்காலியில் சாமான்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு நீள இரும்புக் கம்பிகள் மேல் ஒரு நாற்காலி, பின்னால் நின்று உதைத்துப் போக வேண்டியது. தைஸ்தோவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டவர், ரை தானியக் கஞ்சியில் பாதியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். வந்ததும் துளைக்கருவியை வாங்கி மூவருக்கும் சேர்த்து அவரே பனிக்கட்டியில் ஓட்டை போட்டார். ஒரு இடத்தில் மீன் கடிக்கவில்லை என்றால் அடுத்த இடத்தில் துளைத்தார்.

மத்தியானம் நெருங்கும்போது அவர் பேச்சை நிறுத்தியதை ரைலி கவனித்தாள். அது புதிதில்லை, மீன் பிடிக்கும்போது அவர் பேசமாட்டார். பிறகு பார்த்தால், பிடித்த பெர்ச் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏய், என்ன பண்ற? நல்ல மீனுய்யா அது" என்று சிரித்தார் கௌக்கோ. "காலைலயே ஏத்திட்டியா? எனக்குக் குடுக்காம?"

தைஸ்தோ நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றி எறிந்தார். அந்தக் குளிரில் அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"தைஸ்தோ, தொப்பியப் போடு" என்றாள் ரைலி.

"வாய மூடு, நாயே."

முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்ததில் அவர் அவளை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கௌக்கோவின் சிரிப்பு நின்றது. ரைலி அருகில் போய் அவர் வாயை முகர்ந்தாள். சாராய வாடை இல்லை. அவர் அவளைத் தள்ளிவிட்டு, எங்கேயோ போக வேண்டியவர் போல நாலடி நடந்து, முழங்காலிட்டு விழுந்தார்.

ரைலிக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். கடைசி நாட்களில் அவரும் இப்படிப் பிதற்றினார். சர்க்கரை ஏறி ஏறி மூளை குழம்பியது என்றார்கள். "கௌக்கோ! உண்மையச் சொல்லு. இவனுக்கு என்ன குடுத்த?" என்று கத்தினாள்.

"சத்தியமா ஒண்ணும் குடுக்கல. எங்கிட்ட இருக்கிறது கறுப்புக் காபியும் சாசேஜும்தான். வேணும்னா பையப் பாரு."

சர்க்கரை அளக்கும் கருவி அவள் பையில் இருந்தது. எடுத்து அழுத்தினாள். எண்ணுக்குப் பதிலாகத் திரையில் ஒரு வெப்பமானிப் படம் மினுக்கியது. குளிரில் கருவி வேலைசெய்ய மறுத்தது. கோட்டைத் திறந்து, கம்பளிச் சட்டைக்குள் கைவிட்டு, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அது சூடேறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எதிரே கணவர் பனியை நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை ஏறியிருந்தால் இனிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. இறங்கியிருந்தால் உடனே கொடுக்க வேண்டும். எது என்று தெரியாமல் அவள் அங்கே நின்ற நேரம், அப்பா செத்த ராத்திரியைவிடப் பெரிது என்று பிறகு சொன்னாள்.

தைஸ்தோவின் கையைக் கௌக்கோ பிடித்துக்கொள்ள, ரைலி அவர் விரலில் குத்தினாள். கருவி இந்த முறை எண் காட்டியது. ஒன்று புள்ளி ஒன்பது.

"ஏறல. இறங்கிருக்கு. ரொம்ப இறங்கிருக்கு" என்றாள். அவளுக்கு உயிரே வந்தது போலிருந்தது. இது தெரிந்த விஷயம். இனிப்புக் கொடுத்தால் சரியாகிவிடும். பிளாஸ்க்கைத் திறந்து, சூடான பெர்ரிச் சாற்றை மூடியில் ஊற்றி, தலையைத் தாங்கி ஊட்டினாள். சட்டைப்பையிலிருந்த மிட்டாய்களைப் பிரித்து வாயில் வைத்தாள். "சப்பு, ராசா. சப்பு. இதோ சரியாப் போயிரும்."

அவர் சப்பினார். இன்னொரு மூடி குடித்தார். ரைலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் தெளியவில்லை. கை நடுக்கம் அதிகமானது.

கௌக்கோ கீழே கிடந்த மிட்டாய்க் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. "ரைலி... இது அந்த மரச்சர்க்கரைதானே?"

அவள் கையிலிருந்த மூடி பனியில் விழுந்தது. சிவந்த சாறு பரவி உறைந்தது.

"ஆமா. சாறும் அதுலதான் செஞ்சேன்" என்றாள். "இதுல ஒண்ணுமில்ல கௌக்கோ. ஒண்ணுமே இல்ல. இருந்ததையெல்லாம் நானே எடுத்து வெளிய போட்டுட்டேன்."

ரை ரொட்டி ஒரு துண்டு இருந்தது. அதைப் பிய்த்து வாயில் வைத்தார்கள். தைஸ்தோ பல்லைக் கடித்துக்கொண்டு துப்பினார். மறுபடி வைத்தபோது கையை வீசினார். ரைலியின் உதடு கிழிந்தது. கௌக்கோ கைபேசியை எடுத்தார். தீவின் மறைவில் சிக்னல் இல்லை.

"முனைக்குப் போனா கெடைக்கும். நான் போயி ஆம்புலன்ஸக் கூப்புடுறேன்" என்று சறுக்குக் கட்டைகளை மாட்டினார்.

"போ. நிக்காம போ. நான் இவன அந்தப் பெரிய தடத்துக்குத் தள்ளிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழம, யாராவது வருவாங்க."

ஏரியின் குறுக்கே பனிச்சறுக்குக்காரர்களுக்காக ஒரு தடம் போட்டிருப்பார்கள். தீவைச் சுற்றிப் போனால் அதை எட்டலாம். இருவருமாகத் தைஸ்தோவைத் தூக்கிச் சறுக்கு நாற்காலியில் உட்காரவைத்து, ரைலியின் சால்வையால் கட்டினார்கள். கௌக்கோ ஒரு பக்கம் பாய்ந்தார், அவள் இன்னொரு பக்கம் உதைத்தாள். முதலில் அவர் இறங்கத் திமிறினார், திட்டினார். அவளுக்கு அது தெம்பாக இருந்தது. திட்டுகிறவன் சாகமாட்டான் என்று நினைத்துக்கொண்டு உதைத்தாள். பிறகு திட்டு நின்றது. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"திட்டு! தைஸ்தோ, திட்டுடா என்னைய!" என்று அலறிக்கொண்டே தள்ளினாள்.

தடத்தில் ஒரு கணவன் மனைவி வந்துகொண்டிருந்தார்கள். பளபளக்கும் உடை, தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். ரைலி இரண்டு கையையும் ஆட்டினாள். அவளுடைய கிழிந்த உதட்டையும் கட்டிவைத்த ஆளையும் பார்த்து அந்தப் பெண் தயங்கி நின்றாள்.

"இனிப்பு! இனிப்பா ஏதாவது வச்சிருக்கீங்களா? இவருக்குச் சக்கரை இறங்கிருச்சு."

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். ரைலி மூடியைத் திருகிவிட்டு, ஏதோ தோன்றி, மேலே ஒட்டிய காகிதத்தைப் பார்த்தாள். லைட் என்று பச்சை எழுத்து.

"இது சக்கரையில்லாதது."

"ஆமா, நாங்க எப்பவுமே அதுதான் வாங்குவோம். ஒடம்புக்கு அதானே நல்..." அந்தப் பெண் பாதியில் நிறுத்தினாள்.

ரைலி பாட்டிலை எறியவில்லை. அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நொடி, உலகத்தில் சீனியே இல்லாமல் போய்விட்டது என்று தோன்றியதாம்.

அந்தப் பெண்ணின் கணவர் அதற்குள் முதுகுப்பையைப் பனியில் கொட்டியிருந்தார். கையுறை, சறுக்குக் கட்டைக்குத் தடவும் மெழுகு, வாழைப்பழத் தோல், பிளாஸ்க். "இதுல புளூபெர்ரி சூப் இருக்கு. எங்கம்மா செஞ்சது. அவங்க சீனிய அள்ளித்தான் போடுவாங்க" என்றார்.

சூடாக, கூழாக, கருநீலமாக இருந்தது. ரைலி ஊட்டப் போனாள். அதே நேரத்தில் தீவு முனையிலிருந்து கௌக்கோ கத்திக்கொண்டே வந்தார். "ஊத்தாத! ரைலி, ஊத்தாத! மூச்சுக்கொழாய்ல போயிருமாம்! பக்கவாட்டுல படுக்க வச்சு கன்னத்துக்குள்ள தடவணும்னு போன்ல சொன்னாங்க! வண்டி கெளம்பிருச்சு!"

அவரை அவிழ்த்து, கோட்டுகளை விரித்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். ரைலி விரலைச் சூப்பில் தோய்த்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தடவினாள். மறுபடி தோய்த்தாள், மறுபடி தடவினாள். அவர் பல் அவள் விரலில் பதிந்தது, எடுக்கவில்லை. அவர் கன்னம், தாடை, அவள் கை, பனி எல்லாம் நீலச்சிவப்பானது. ஹெல்சிங்கிப் பெண் முழங்காலிட்டு அவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு அழுதாள். ரைலி அழவில்லை.

பின்னால் பெரிய காற்றாடி சுழலும் மீட்புப் படகு பனிமேல் இரைந்துகொண்டு வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவன் தைஸ்தோவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க அடிபட்டுச்சு? இவ்ளோ ரத்தமா?" என்றான்.

"ரத்தமில்ல, சூப்பு" என்றார் கௌக்கோ. "சீக்கிரம் ஊசியப் போடுப்பா."

நரம்பில் குளுக்கோஸ் ஏறிய சற்று நேரத்தில் தைஸ்தோ கண்ணைத் திறந்தார். நாக்கால் உதட்டைத் துழாவினார். "யாரு செஞ்சது? நல்லா இருக்கே" என்றார். ரைலி அப்போதுதான் பனியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க அவளுக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது.

ஆஸ்பத்திரியில் அவரை வைத்துக்கொண்டார்கள். அவர் தெளிந்து உட்கார்ந்ததும் ரைலி கேட்டாள், "முன்னாடியே இந்த மாதிரி வந்திருக்கா?"

தைஸ்தோ போர்வை நுனியைத் திருகினார். "கை நடுங்கும். காலைல சில நாள். காட்டுல ஒரு தடவ மெஷின நிறுத்திட்டுப் படுத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீ எண்ணப் பாத்துச் சிரிச்சிட்டு இருந்த. எத்தன வருசத்துக்கப்புறம் சிரிக்கிற. எப்படிச் சொல்ல?"

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். மறுநாள் வேலைக்கு வந்தவள், உதட்டில் தையலோடு, வீட்டிலிருந்த மரச்சர்க்கரைப் பைகளையெல்லாம் கொண்டுவந்து குப்பைக்கூண்டருகே வைத்தாள். "இத நான் இனிமே தொடமாட்டேன். என் கையாலேயே அவனக் கொன்னிருப்பேன்" என்றாள். அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதும் பைகளைக் கிடங்குக்குள் தூக்கி வைத்தேன்.

ஏப்ரல் வரை காத்திருக்க விடாமல் சிர்க்காவே அவர்களை அந்த வாரம் கூப்பிட்டாள். மெலிந்த, சத்தமே போடாத நர்ஸ் அவள். தைஸ்தோவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரைலி, மூணு மாசச் சராசரி இவ்வளவு இறங்கி நான் பாத்து ரொம்ப நாளாச்சு. மரச்சர்க்கரைய நிறுத்திட்டீங்களாமே, ஏன்?"

"அதுதான் இவர..."

"அது இல்ல. சீனி கொறைஞ்சுது, நடை கூடுச்சு, ஒடம்பு சரியாச்சு. அதுக்கேத்த மாதிரி இன்சுலினக் கொறைச்சிருக்கணும். கொறைக்கல. நீங்க பாதி வேலைய செஞ்சீங்க, மீதிய செய்ய வேண்டிய நாங்க பனிப்புயல்ல மாட்டிக்கிட்டோம். ஜனவரியிலயே ஒரு போன் பண்ணிருக்கலாம், நீங்களும் நானும்." தைஸ்தோ பக்கம் திரும்பினாள். "நடுங்குனத மறைச்ச ஆளும் ஒருத்தர் இருக்காரு."

தைஸ்தோ பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரைக் கேட்டு இன்சுலின் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதோடு சிர்க்கா ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். பெரிய வெள்ளை வில்லைகள்; சுத்தக் குளுக்கோஸ், திராட்சை வாசனை. "இது எப்பவும் இவரு பையில இருக்கணும். காட்டுல, ஏரியில, சவுனாக் குளியலறையில. தினசரி இனிப்புக்கு உங்க மரச்சர்க்கரை, ஆபத்துக்கு இது. ரெண்டும் ஒண்ணு இல்ல."

ரைலி அந்தப் பொட்டலத்தைத் தொடாமல் பார்த்தாள். பிறகு எடுத்துக் கணவரின் கோட்டுப் பையில் அவளே போட்டாள். வெளியே வந்ததும் தைஸ்தோ ஒன்றை எடுத்து முகர்ந்து, "மிட்டாய் மாதிரி இருக்கு" என்றார். "உள்ள வை" என்றாள் ரைலி.

அடுத்த வாரம் கிடங்கிலிருந்து பைகளை எடுத்துக் கொடுத்தேன். ஏன் எறியவில்லை என்று அவள் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டாள். பனி உருகி ஏரி திறந்தது. இலையுதிர் காலத்தில் மறுபடி கண்ணைப் படம் எடுத்தபோது புதுப் புள்ளிகள் எதுவும் வரவில்லை. பழையவற்றில் இரண்டு மங்கியிருந்தன. கௌக்கோ இப்போது பையில் சீனிக்கட்டிகளோடுதான் நண்பனைப் பார்க்கப் போகிறார், ரைலியின் அனுமதியோடு.

வீட்டுக்குள் மட்டும் வேறொரு இழுபறி நடந்தது. இத்தனை நாள் சீனியே நுழையாத வீட்டில், அவர் கோட்டுப் பையில் அது இருபத்துநாலு மணி நேரமும் இருந்தது. அவர் ஆசைக்குத் தின்கிறாரா, தேவைக்குத் தின்கிறாரா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. கோட்டைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் பைக்குள் கைபோகும். சில நாள் பொட்டலம் முழுசாக இருக்கும். சில நாள் பிரிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தைஸ்தோ விறகு பிளந்துவிட்டு உள்ளே வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையிலிருந்து பொட்டலம் நழுவித் தரையில் விழுந்தது. பாதி காலி. ரைலி அதைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கொட்டகையைக் கொளுத்துவேன் என்ற அந்தக் குரல் இப்போது வரப்போகிறது என்று நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் குனிந்து பொட்டலத்தை எடுத்து, அதே பையில் திரும்பப் போட்டாள்.

"கை நடுங்குச்சா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம். விறகுக்கட்டை கணு கணுவா இருந்துச்சு. ரெண்டு தின்னேன், நின்னுருச்சு."

"கூப்பிட்டிருக்கலாம்ல."

"அடுத்த தடவ கூப்புடுறேன்."

ரைலி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அடுப்பிலிருந்து மரச்சர்க்கரை தூவிய பன் தட்டை எடுத்துவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். பிறகு தன் விரலைத் துடைத்துக்கொண்டு, அளக்கும் கருவியை எடுத்துவர உள்ளே போனாள்.